நகையை அடகு வைத்துக் கால்வாய் தூர்வாரினேன்: கவுன்சிலரான முதல் வருடத்தில் நான் பட்டது

வட ஆற்காட்டில், பாலாற்றங்கரையில் இருக்கும் ஒரு நகராட்சியில் நான் வார்டு உறுப்பினர். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். இதில் வருகிறவர்கள் சிலர் இன்னும் அதே அலுவலகத்தில் வேலை பார்க்கிறார்கள், அவர்களைக் காட்டிக்கொடுப்பது என் நோக்கம் இல்லை. 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த தேர்தலில் சுயேச்சையாக நின்று 43 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன். அதற்கு முன் 14 வருடம் வீட்டு முன்னறையில் தையல் கடை. கணவர் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை. எங்கள் இரண்டு குடும்பத்திலும் அரசியலில் இருந்தவர்கள் யாரும் கிடையாது. பதவிக்கு வந்த முதல் வருடத்தில் என் கைப்பணம் 1,27,000 ரூபாய் போனது. அதற்கு வாங்கிய கடனுக்கு 27,500 ரூபாய் வட்டி கட்டினேன். அதைவிட, எனக்கு ஓட்டே போடாத பக்கத்து வார்டில் 11 வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததற்கு நானே காரணமாக இருந்தேன். அன்றைக்கு யாராவது ஒருவர் என்னை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. புதிதாகக் கவுன்சிலர் ஆகிறவர்களுக்கு, அதிலும் பின்னால் கட்சி என்று ஒன்று இல்லாதவர்களுக்கு, அந்த அரை மணி நேரப் பேச்சாக இதை எழுதுகிறேன்.

நான் தேர்தலில் நின்றதே தண்ணீரால்தான். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க முடியாது. வருடம் முழுக்க மணலாகக் கிடக்கும் ஆறு, கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. ஆனால் எங்கள் தெருவுக்குள் வந்தது ஆற்றுத் தண்ணீர் இல்லை, சாக்கடை. தெருவின் பின்னால் போகும் மழைநீர்க் கால்வாய் மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடந்ததால் தண்ணீர் திரும்பி வீடுகளுக்குள் ஏறியது. என் தையல் மிஷினின் மோட்டார் போனது, தைக்கக் கொடுத்திருந்த பட்டுப்புடவை இரண்டு வீணாயின. முறையிடப் போனால் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை. முந்தைய மன்றங்களின் காலம் 2016 அக்டோபரோடு முடிந்துபோய், ஐந்து வருடத்துக்கு மேல் தமிழ்நாட்டு நகரங்களில் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து, “நீதான் தைரியமா பேசற, நீயே நில்லு” என்றார்கள். நின்றேன்.

மார்ச் 2 பதவியேற்பு. மார்ச் 4 அன்று, உறுப்பினர்களான நாங்கள் ஓட்டுப் போடும் நகராட்சித் தலைவர் தேர்தல். அந்த இரண்டு நாளில் எனக்கு வந்த போன்களைப் பற்றி எழுத விருப்பமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: சுயேச்சையாக ஜெயித்தவர்கள் அந்த இரண்டு நாளும் எந்த வாக்குறுதியையும் நம்பி வார்த்தை கொடுத்துவிடாதீர்கள். எனக்கு “உங்க வார்டுக்கு முதல் வேலை” என்று சொன்னவர் அடுத்த மாதம் என் போனை எடுக்கவில்லை. இன்னொன்று, தேர்தல் செலவுக் கணக்கை முடிவு வந்த 30 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். ஜெயித்த சந்தோஷத்தில் நான் மறந்தே போனேன். 27-ஆம் நாள் என் கணவர்தான் நினைவுபடுத்தினார். கணக்குக் கொடுக்காதவர்களை மூன்று வருடம் தேர்தலில் நிற்க முடியாமல் தகுதிநீக்கம் செய்கிறார்கள்.

அடுத்து ஏப்ரல். நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, சொத்துவரி சீராய்வு அறிவிப்பு வந்தது. எங்களைப் போன்ற நகராட்சிகளில் 600 சதுர அடிக்குக் குறைவான வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. அரசு முடிவு செய்தது, ஆனால் தீர்மானம் மன்றத்தில் வரும். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு வந்த அஜெண்டாவில் 58 பொருள்கள் இருந்தன. நான் முதல் இரண்டு பக்கம் படித்தேன், மீதியைப் புரட்டினேன். கூட்டம் 25 நிமிடத்தில் முடிந்தது. எழுத்தர் எண்ணை வாசிக்க, எல்லோரும் சம்மதம் என்று மேசையைத் தட்ட, நானும் தட்டினேன். ஒரு வாரம் கழித்து எங்கள் தெரு ஆயா ஒருவர், “இன்னாம்மா, வரி ஏத்தறதுக்கா உன்ன அனுப்பினோம்?” என்று கேட்டபோதுதான் நான் எதற்குத் தட்டினேன் என்பதே எனக்கு உறைத்தது. நான் எதிர்த்திருந்தாலும் வரி ஏறியிருக்கும். ஆனால் எந்த அளவு வீட்டுக்கு எவ்வளவு, எப்போதிலிருந்து, அளவு தப்பாக இருந்தால் யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்று வார்டுக்குப் போய்ச் சொல்வது என் வேலை. அதை நான் செய்யவில்லை. எங்கள் தெருவில் நான்கு வீடுகளுக்கு மாடிப்படியையும் சேர்த்து அளந்து அதிக வரி விகிதத்துக்குத் தள்ளியிருந்தார்கள். அது தெரிந்து திருத்த ஆறு மாதம் ஆனது. அஜெண்டா வந்த அன்று இரவே உட்கார்ந்து முழுதும் படியுங்கள். புரியாத பொருளின் எண்ணைக் குறித்துக்கொண்டு, கூட்டத்துக்கு முன்நாள் அலுவலகம் போய் அந்தக் கோப்பைக் காட்டச் சொல்லுங்கள். நான் கேட்டவுடன் காட்டினார்கள். அதற்கு முன் கேட்காதது என் தப்பு.

இப்போது கால்வாய்க்கு வருகிறேன். மே மாதமே மனு கொடுத்தேன். பொறியியல் பிரிவில் “நிதி இல்லை மேடம்” என்றார்கள். ஜூனில் போனேன், ஜூலையில் போனேன், அதே பதில். ஆகஸ்டில் ஒரு நாள் பெய்த மழைக்கே தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது. அன்று மாலை அலுவலகத்தில் கிட்டத்தட்ட அழுதுவிட்டேன். அப்போது அங்கிருந்த அதிகாரி ஒருவர் என்மேல் இரக்கப்பட்டு, “நீங்க செஞ்சிடுங்க மேடம், அப்புறம் பில் போட்டுக்கலாம்” என்றார். அவர் என்னை ஏமாற்ற நினைத்தார் என்று இன்றும் நான் நம்பவில்லை. அந்த நேரத்தில் என்னைச் சமாதானப்படுத்த ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன். எழுத்தில் ஒரு வரி கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் அவர் மனம் புண்படும் என்று நினைத்த அளவுக்கு விவரம் இல்லாமல் இருந்தேன்.

செப்டம்பரில் என் ஐந்து சவரன் சங்கிலியை அடகு வைத்து 1,25,000 ரூபாய் வாங்கினேன். ஒரு ரூபாய் வட்டி, அதாவது மாதம் 1,250. கணவர் வேண்டாம் என்றார். “மழைக்கு முன்னாடி முடிச்சாகணும், நவம்பர்ல பணம் வந்துடும்” என்று சொல்லி அவரை அடக்கினேன். பொக்லைன் ஆறு நாள், 48 மணி நேரம், மணிக்கு 1,200 வீதம் 57,600. வண்டல் அள்ளிக்கொண்டு போக டிராக்டர் 31 நடை, நடைக்கு 700 வீதம் 21,700. குறுகலான இடத்தில் கையால் வார ஆள் கூலி 7,200. டீ, சாப்பாடு 2,900. முதல் இரண்டு நாள் தெருவே கொண்டாடியது. என் பெயரைச் சொல்லி வாழ்த்தினார்கள், பிள்ளைகள் போட்டோ எடுத்தார்கள். அந்த இரண்டு நாள் மகிழ்ச்சியை நான் மறுக்க மாட்டேன். தேர்தலில் ஜெயித்தபோதுகூட எனக்கு அப்படி இருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பொக்லைன் பல் குடிநீர்க் குழாயில் மாட்டி உடைந்தது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து நான்கு தெருவுக்குப் போகும் குழாய் அது. கால்வாய் ஓரமாகவே போகிறது என்பது குழாய் பிட்டருக்கும் தண்ணீர் திறந்துவிடுகிறவருக்கும் தெரியும். நான் அவர்களைக் கேட்கவே இல்லை. நகராட்சி வேலையாக இருந்திருந்தால் அவர்களில் ஒருவர் பக்கத்தில் நின்றிருப்பார். இது யாருடைய வேலை என்று கோப்பு இல்லாததால், பழுது பார்க்க யாரும் பொறுப்பேற்கவில்லை. குழாய், ஜாயிண்ட், ஆள் கூலி என்று 18,500 ரூபாய் நானே கொடுத்தேன். நான்கு நாள் நான்கு தெருவுக்கும் தண்ணீர் வரவில்லை. லாரித் தண்ணீர் ஒன்பது நடை, 8,100. அந்த அவசரத்தில் ஒரு வீட்டு வாசல் சிலாப்பும் உடைந்து அதற்கு 11,000. இரண்டு நாள் முன்பு வாழ்த்திய அதே பெண்கள் காலிக் குடத்தோடு என் வாசலில் நின்றார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் வீட்டில் தண்ணீர் இல்லை. ஆனால் அன்றிரவு கதவைச் சாத்திக்கொண்டு நான் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். பணமும் முடியும் நிலைக்கு வந்ததால் டிராக்டரை நிறுத்திவிட்டேன். மீதி வண்டலைக் கால்வாய்க் கரையிலேயே குவித்துவிட்டுப் போனோம். அடுத்த மழையில் அதில் பாதி திரும்பக் கால்வாய்க்குள் போனது. வாரிய வண்டலை அன்றைக்கே ஊருக்கு வெளியே கொண்டுபோக வழி இல்லையென்றால் வாரவே தொடங்காதீர்கள்.

அக்டோபரில் ரசீதுகளை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். பில் போடலாம் என்று சொன்ன அதிகாரி மாறுதலாகிப் போயிருந்தார். வந்திருந்தவர் பொறுமையாகவே விளக்கினார். ஒரு வேலைக்கு முதலில் எஸ்டிமேட், அப்புறம் மன்றத் தீர்மானம், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை, வேலை நடக்க நடக்க எம் புக் என்கிற அளவுப் புத்தகத்தில் பதிவு, அதற்குப் பிறகுதான் பில். டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-லேயே வந்துவிட்டது. இதில் ஒன்றுகூட இல்லாமல் முடிந்துபோன வேலைக்கு ஒரு ரூபாய்கூடத் தர முடியாது என்றார். அவசரம் என்றால்கூட, தலைவரின் முன் அனுமதி வாங்கிச் செய்துவிட்டு அடுத்த கூட்டத்தில் மன்றத்தின் ஒப்புதலுக்கு வைக்கும் வழி இருக்கிறதாம். மே மாதத்தில் எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. நானும் “அவசரமா செய்ய என்ன வழி?” என்று அந்த வார்த்தையில் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது ஒப்பந்தக்காரர் ஒருவர் பின்னாலேயே வந்தார். வேறு தெருவில் அவர் எடுத்திருந்த தூர்வாரும் வேலையின் அளவோடு என் கால்வாயையும் சேர்த்து எழுதிவிடலாம், பில் வந்ததும் என் கையில் 1,10,000 கொடுத்துவிடுவதாகச் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், இரண்டு இரவு நான் தூங்கவில்லை. வேலை நிஜமாகவே நடந்தது, பணம் நிஜமாகவே என்னுடையது, இதில் என்ன தப்பு என்று மனது வாதாடியது. நல்லவேளையாக, நகராட்சியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் பக்கத்துத் தெருவில் இருந்தார். அவர் மகளுக்கு நான் கல்யாண ரவிக்கை தைத்துக் கொடுத்த பழக்கம். அவரிடம் போய்க் கேட்டேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அம்மா, அந்தப் பணத்துல கை வச்சீங்கன்னா நகராட்சி ஒப்பந்தத்துல பங்கு வச்ச உறுப்பினர் ஆகிடுவீங்க. பதவி போகும், கேசும் வரும். போன பணம் போகட்டும்” என்றார். நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒப்பந்தத்தில் ஆதாயம் இருந்தால் உறுப்பினர் தகுதி போய்விடும் என்பது பழைய 1920 நகராட்சிச் சட்டத்திலேயே இருந்த விஷயம். இந்தப் பொறியை நான் கனவிலும் யோசிக்கவில்லை. ஒப்பந்தக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 1,27,000 போனது போனதுதான் என்று அன்றைக்குத்தான் கணவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். திட்டியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று முதல்முறையாக எங்கள் வார்டில், மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டம் நடந்தது. உறுப்பினர் தலைமை தாங்க வேண்டும். போகவே பயமாக இருந்தது. ஆனால் போய், செலவான ஒவ்வொரு ரூபாயையும் ஒரு தாளில் எழுதி வாசித்தேன். குழாய் உடைந்தது என் அவசரத்தால்தான் என்று சொன்னேன். சத்தம் போட வந்த சிலர் அமைதியானார்கள். ஒரு பெரியவர் எழுந்து, “துட்டு வேணும்னா எங்ககிட்ட கேட்டிருக்கலாமே” என்றார். அவருக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். பிறகு விசாரித்தால், அதற்கும் முறையான வழி இருக்கிறது. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கை முறைப்படி செலுத்தினால் மீதியை அரசு போட்டு வேலை நடக்கும். நான் தனியாளாகப் போட்ட 1,27,000 ரூபாயைத் தெருவே சேர்ந்து அந்த வழியில் செலுத்தியிருந்தால், கிட்டத்தட்ட 3,80,000 ரூபாய்க்கு எஸ்டிமேட்டோடும் பிட்டரோடும் ஒழுங்காக வேலை நடந்திருக்கும். இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்கு வந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

டிசம்பர் இரண்டாம் வாரம் மாண்டஸ் புயல் மழை. எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் போன் வந்தது. கால்வாயின் கீழ்க்கோடியில், பக்கத்து வார்டில் இருக்கும் தெருவில் 11 வீடுகளில் தண்ணீர். அந்தத் தெருவில் அதற்கு முன் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே இல்லை. நான் மேலே வாரியதால் தண்ணீர் வேகமாக ஓடி, வாராத கீழ்ப்பகுதியில் போய் முட்டி, அங்கே ஏறிவிட்டது. அந்தக் கீழ்ப்பகுதி நகராட்சிக்குச் சொந்தமே இல்லை. ஏரிக்குப் போகும் பழைய வரத்துக் கால்வாய், நீர்வளத் துறையின் கையில் இருக்கிறது. எந்த நிலம் யாருடையது என்று காட்டும் புல வரைபடத்தையும் அ பதிவேட்டையும் எடுத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். ராத்திரி அங்கே போனேன். ஒரு வீட்டில் கைக்குழந்தையை அலமாரித் தட்டில் படுக்க வைத்திருந்தார்கள். அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை, நான் யார் என்றே அவளுக்குத் தெரியாது. நான்தான் காரணம் என்று சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் கழித்துப் போய்ச் சொன்னேன். பணம் போனதைவிட எனக்கு ஆறாமல் இருப்பது அந்த இரவுதான். ஆகவே கால்வாய் வேலை என்று வந்தால் முதலில் தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழுகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். வழியில் எந்தெந்தத் துறையின் நிலம் வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலைத் துறை பாலம், ரயில்வே கல்வெர்ட் என்கிற சிறுபாலம், நீர்வளத் துறைக் கால்வாய் என்று நம் ஊர்களில் ஒரே தண்ணீர் மூன்று நான்கு துறைகளைத் தாண்டித்தான் போகிறது. கீழிருந்து மேலாகத்தான் வார வேண்டும்.

அதற்குப் பிறகு என் வேலை முறையை மாற்றினேன். “நிதி இல்லை” என்றால் இப்போது எழுந்து வந்துவிடுவதில்லை, எந்த நிதியில் இல்லை என்று கேட்கிறேன். நகராட்சிக்கு வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி என்று தனித்தனிக் கணக்கு இருக்கிறது. 2021 முதல் 2026 வரைக்கான மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் எங்களைப் போன்ற ஊர்களுக்கு வந்ததில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்க வேண்டியிருந்தது. இப்படிப் பெயர் சொல்லிக் கேட்ட முதல் நாளே பொறியாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். இந்தக் கேள்வியை முதல் மே மாதமே கேட்டிருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. அடுத்தது, எந்த மனுவாக இருந்தாலும் இரண்டு நகல். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, இன்னொன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி ஒரு நோட்டில் ஒட்டிவிடுகிறேன். வாய்வார்த்தையாக அதிகாரி ஏதாவது சொன்னால், வீட்டுக்கு வந்து “இன்று தாங்கள் கூறியபடி” என்று தொடங்கி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அதில் ஒருவரும் மனம் புண்படவில்லை. பதில் வராத விஷயத்துக்குப் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு, 30 நாளில் பதில் வர வேண்டும். உறுப்பினரே மனு போடுவது கௌரவக் குறைச்சல் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டப் புத்தகம் வாங்குகிறவர்கள் கவனியுங்கள், 2023 ஏப்ரலில் இருந்து 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023 விதிகளும்தான் நடைமுறையில் இருக்கின்றன. பழைய புத்தகக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 1920 சட்டம்.

பெண் உறுப்பினர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முதல் மாதங்களில் அலுவலகத்திலிருந்து வரும் போன் எல்லாம் என் கணவருக்குத்தான் போனது. அவர் நல்ல மனிதர், எனக்கு உதவத்தான் பேசினார். ஆனால் பாதி விஷயம் எனக்கு வந்து சேரவில்லை. ஒருநாள் இருவரும் உட்கார்ந்து பேசி, நகராட்சி போன் வந்தால் “அவங்ககிட்டயே பேசுங்க” என்று சொல்லி வைத்துவிடுவது என்று முடிவு செய்தோம். அதைச் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் அன்று முதல் இன்றுவரை மாறாமல் செய்கிறார், அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். நம் மாநிலத்தில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. அந்த இடத்தில் நாம் உட்கார வேண்டும் என்றால் நம் போனை நாம்தான் எடுக்க வேண்டும்.

கீழ்ப்பகுதிக் கால்வாய்க்காக, பக்கத்து வார்டு உறுப்பினரும் நானும் சேர்ந்து நீர்வளத் துறைக்கு மனு கொடுத்தோம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு நான்கு முறை போனோம், ஒவ்வொரு முறையும் புல வரைபட நகலோடும் அந்த 11 வீட்டுக்காரர்களின் கையெழுத்தோடும். அவர் ஒரு கட்சி, நான் சுயேச்சை, பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போவோம். 2023 ஆகஸ்டில் கீழ்ப்பகுதியைத் துறையே தூர்வாரியது. எங்கள் பக்கத்து 340 மீட்டருக்குக் கான்கிரீட் கால்வாய் போட மன்றத்தில் தீர்மானம் வந்து, டெண்டர் முடிந்து, 2024 மே மாதம் வேலை நடந்தது. மூன்று நாள் பிட்டரைப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்தேன். இந்த முறை என் கையிலிருந்து டீ செலவுகூட ஆகவில்லை.

சங்கிலியை 2024 ஜூலையில் மீட்டேன். 22 மாத வட்டி 27,500. 2023 ஜூலையிலிருந்து நகராட்சி உறுப்பினர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் வரத் தொடங்கியது. அதில் ஒரு வருடப் பணத்தை எடுக்காமல் வைத்திருந்தேன், 60,000. சீட்டுப் பணம் 80,000. மீதி 12,500 கணவரின் போனஸ். அதற்கு முன் கூட்டத்துக்குக் கிடைத்த அமர்வுப்படி பஸ் செலவுக்கே சரியாகப் போனது. கவுன்சிலர் வேலையில் மாதச் செலவு என்று ஒன்று இருக்கிறது, கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு, கோயில் திருவிழா நன்கொடை. எனக்கு மாதம் மூவாயிரத்துக்குக் குறையவில்லை. இதை வீட்டில் முன்பே பேசி ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது மாலையோடு போகிறேன், கவர் வைப்பதில்லை. முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை பெய்த இரவு, டார்ச் எடுத்துக்கொண்டு கீழ்க்கோடித் தெருவுக்குப் போனேன். கால்வாய் விளிம்புக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பத்து வீடுகளில் பிரச்சினை இல்லை. கடைசி வீட்டில் மட்டும் வாசல்படிவரை ஏறியிருந்தது, அங்கே கல்வெர்ட்டின் வாய் சின்னது. அகலப்படுத்த எஸ்டிமேட் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். முத்திரை போட்ட நகல் நோட்டில் இருக்கிறது, பக்கம் 71.